தணலுக்கும் ஒரு கணக்கு உண்டு

(திண்டுக்கல்லில் நடந்த நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்கு முந்தைய அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு வெப்பம். பசி நேரத்தில், அதுவும் திண்டுக்கல்லில் நின்றுகொண்டு, வெப்பத்தைப் பற்றிப் பேசுவதென்றால் பிரியாணியிலிருந்துதான் தொடங்க முடியும்.

1957-இல் நாகசாமி நாயுடு இந்த ஊரில் ஒரு சிறிய பிரியாணிக் கடையைத் தொடங்கினார். இன்று திண்டுக்கல் என்றால் பூட்டோடு சேர்த்துப் பிரியாணியும் நினைவுக்கு வருகிறது. சீரகச் சம்பா அரிசி, மசாலா, கைப்பக்குவம் என்று காரணம் சொல்வோம். அறிவியல் ஆசிரியராக நான் பிள்ளைகளிடம் கேட்பது வேறு. தம் போடும்போது அடுப்புத் தீயைக் குறைத்துவிட்டு, அண்டாவின் மூடி மேல் தணலை அள்ளிப் போடுகிறார்களே, ஏன்? வெப்பம் மேலே போகும் என்றுதானே நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? மேலே தணல் வைத்து என்ன பயன்?

ஏழாம் வகுப்பில் இந்தக் கேள்வி அரை மணி நேரம் ஓடியது. "மேலேயும் வேகணும்ல டீச்சர்" என்றான் ஒருவன். வீட்டில் அம்மா சோறு வடிப்பதைக் கவனிக்கும் ஒரு மாணவிதான் சரியான இடத்தைத் தொட்டாள். "மூடி குளிர்ச்சியா இருந்தா ஆவி தண்ணியாகிச் சொட்டும் டீச்சர். சோறு குழைஞ்சிடும். மூடி சூடா இருந்தா சொட்டாது." ஆவி சுருங்கி நீராகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது, மூடி அந்த வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கடத்திவிடுகிறது, மூடியே சூடாக இருந்தால் இது நடக்காது. எட்டாம் வகுப்புப் பாடத்தில் பாதி அந்த ஒரு பதிலில் இருக்கிறது. அந்தப் பிள்ளை அதற்கு முந்தைய தேர்வில் 'வெப்பக் கடத்தல் வரையறு' என்ற கேள்வியை எழுதாமல் விட்டிருந்தாள்.

இந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆறாம் வகுப்பில் வெப்பம், ஏழாம் வகுப்பில் வெப்பமும் வெப்பநிலையும், எட்டாம் வகுப்பில் வெப்பம் பரவுதல், தன் வெப்ப ஏற்புத்திறன், கலோரிமீட்டர், வெற்றிடக் குடுவை என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நடத்துகிறோம். கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்ற மூன்று சொற்களையும் பிள்ளைகள் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் "உன் வீட்டு அடுப்பில் வெப்பம் எங்கே வீணாகிறது?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். சொல் ஒரு பக்கம் இருக்கிறது, பொருள் இன்னொரு பக்கம் இருக்கிறது. இரண்டையும் சேர்க்க ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலமாகத் தொழில்முனைவைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் தொழில்முனைவு?

தொழில்முனைவு என்றதும் கடை வைப்பது, லாபம் பார்ப்பது என்று நினைத்துவிட வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நான் தரும் விளக்கம் மூன்றே வரிதான். யாருக்காவது இருக்கும் ஒரு சிரமத்தைக் கண்டுபிடி. உனக்குத் தெரிந்த அறிவியலைக் கொண்டு அதைக் குறைக்க முடியுமா என்று பார். அதற்கு ஆகும் செலவு அந்தச் சிரமத்தைவிடக் குறைவா என்று கணக்குப் போடு.

மூன்றாவது வரி மிக முக்கியம். பாடநூல் 'என்ன', 'ஏன்' என்று கேட்கும். தொழில் 'எவ்வளவு' என்று கேட்கும். எவ்வளவு கரி, எவ்வளவு நேரம், எவ்வளவு வீண், எவ்வளவு ரூபாய். 'எவ்வளவு' என்று கேட்ட உடனே வெப்பநிலைமானி தேவைப்படுகிறது, தராசு தேவைப்படுகிறது, ஜூல் என்ற அலகு தேவைப்படுகிறது. நாம் வற்புறுத்தாமலே அளவீடு வகுப்புக்குள் வந்துவிடுகிறது.

நம் மாவட்டத்தின் சமவெளி இதற்கு ஏற்ற இடம். சின்னாளபட்டியில் மெழுகை உருக்கித் துணியில் அச்சிட்டு, சாயமேற்றி, பிறகு கொதிநீரில் மெழுகை நீக்குகிறார்கள். செங்கல் சூளை இருக்கிறது. தேநீர்க் கடை பாய்லர் இருக்கிறது. இட்லிக் கடை இருக்கிறது. இஸ்திரி வண்டி இருக்கிறது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை இருக்கிறது, அய்யலூர் தக்காளிச் சந்தை இருக்கிறது. வெப்பத்தை நம்பிப் பிழைப்பவர்களும் வெப்பத்தால் நட்டப்படுபவர்களும் பள்ளியிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான்.

திருவண்ணாமலையிலிருந்து ஒரு வண்டி

நான் வகுப்பில் முதலில் சொன்ன கதை வினிஷா உமாசங்கருடையது. திருவண்ணாமலை மாணவி. தெருவில் துணி தேய்ப்பவர் எரிந்து முடிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்து, இத்தனை வண்டிகள் சேர்ந்து எவ்வளவு கரி எரிக்கும் என்று யோசிக்கத் தொடங்கியவர். சூரிய ஒளித்தகடு, மின்கலம், மின் தேய்ப்புப் பெட்டி கொண்ட ஒரு வண்டியை வடிவமைத்தார். ஐந்து மணி நேர நல்ல வெயில் இருந்தால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம் என்பது அந்த வண்டியின் கணக்கு. அதற்காக 2020-இல் சுவீடன் நாட்டின் குழந்தைகள் காலநிலைப் பரிசு பெற்றார். 2021-இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தார். அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். வண்டியை யோசித்தபோது அவர் நம் வகுப்புப் பிள்ளைகளின் வயதுக்காரர்.

கதை சொன்னால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். கைதட்டலோடு விட்டுவிட்டால் அது ஒரு வாழ்த்துரையாக முடிந்துவிடும். ஆகவே அடுத்த நாள் கணக்குக்கு வந்தோம்.

தெருவில் தேய்ப்பவர் நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ கரி எரிக்கிறார் என்பது வினிஷா எடுத்துக்கொண்ட அளவு. எங்கள் பிள்ளைகள் பள்ளி முக்கிலிருக்கும் தேய்ப்புக்காரரிடம் போய்க் கேட்டுவந்தார்கள். அவர் நாலு கிலோ என்றார், முகூர்த்த நாட்களில் கூடுமாம். சரி, 5 என்றே வைத்துக்கொண்டோம். கரியின் கலோரி மதிப்பு கிலோவுக்கு ஏறத்தாழ 29,000 கிலோஜூல். ஐந்து கிலோவுக்கு 1,45,000 கிலோஜூல்.

இப்போது எட்டாம் வகுப்பின் தன் வெப்ப ஏற்புத்திறன் உள்ளே வருகிறது. ஆறு கிலோ எடையுள்ள இரும்புப் பெட்டியை 30 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்குக் கொண்டுபோக எவ்வளவு வெப்பம் வேண்டும்? இரும்பின் தன் வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு, டிகிரிக்கு சுமார் 450 ஜூல். ஆறு பெருக்கல் 450 பெருக்கல் 150. விடை 4,05,000 ஜூல், அதாவது 405 கிலோஜூல். இந்த வெப்பத்தைத் தர எவ்வளவு கரி போதும்? வெறும் 14 கிராம்.

வகுப்பில் யாரும் நம்பவில்லை. திரும்பப் போட்டார்கள். அதே 14 கிராம். ஒரு கைப்பிடிக்கும் குறைவு. அப்படியென்றால் மீதிக் கரியெல்லாம் எங்கே போனது? இந்த ஒரு கேள்விக்கு இரண்டு பாடவேளை போதவில்லை. "பெட்டிக்கு மேல ஓட்டை இருக்கு, அதுல சூடு போகுது." அது சலனம். "பக்கத்துல நின்னாலே அடிக்குது டீச்சர்." அது கதிர்வீச்சு. "துணி சூட்டை இழுக்குது." அது கடத்தல். "தண்ணி தெளிக்கிறாங்கல்ல, அது ஆவியாகுது." அது உள்ளுறை வெப்பம். "துணி வராட்டியும் கரி எரிஞ்சுகிட்டே இருக்கு." இதற்கு இயற்பியலில் பெயர் இல்லை. தொழிலில் இருக்கிறது. அதுதான் காத்திருப்புச் செலவு.

மின் தேய்ப்புப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். 1000 வாட் பெட்டி ஆறு மணி நேரம் வேலை செய்கிறது. வெப்ப நிலைப்படுத்தி அவ்வப்போது மின்சாரத்தைத் துண்டிப்பதால் பாதி நேரம்தான் மின்சாரம் ஓடுகிறது என்று கொண்டால் 3 யூனிட், அதாவது 10,800 கிலோஜூல். கரிக்கு 1,45,000. பதின்மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வெப்ப நிலைப்படுத்தி என்றால் என்ன என்பதை அதற்குப் பிறகு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 'வேண்டாதபோது செலவை நிறுத்துகிற கருவி' என்று அவர்களே குறிப்பேட்டில் எழுதினார்கள்.

தக்காளியும் ஒரு சதுர மீட்டர் வெயிலும்

அடுத்தது தக்காளி. நம் பகுதியில் விலை படுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பறிகூலியும் வண்டி வாடகையும் கட்டாது. காட்டிலேயே விடுவார்கள், இல்லையென்றால் சாலையோரம் கொட்டுவார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவியின் அப்பா அந்த ஆண்டு தக்காளி போட்டிருந்தார். 'யாருக்கு என்ன சிரமம்' என்ற எங்கள் பட்டியலில் அவள் எழுதியது ஒரே வரி: "எங்கள் தக்காளியைக் கொட்டாமல் இருக்க வேண்டும்."

வெயிலில் உலர்த்தலாம் என்று முடிவு செய்தார்கள். அட்டைப்பெட்டி, உள்ளே கறுப்புக் காகிதம், மேலே கண்ணாடித்தாள். முதல் பெட்டியை மிகக் கவனமாக, காற்று புகாமல் ஒட்டினார்கள். வெளியே 34 டிகிரி, உள்ளே 58 டிகிரி. ஒரே கொண்டாட்டம். மாலையில் பார்த்தால் கண்ணாடித்தாளின் அடியில் முத்து முத்தாக நீர், தக்காளித் துண்டுகள் அப்படியே ஈரமாக இருந்தன. "சூடு இருக்கு, ஆனா காயல." அன்றைக்குத்தான் காற்று எதற்கு என்ற கேள்வி வந்தது. கீழே சில துளைகள், மேலே சில துளைகள் போட்டார்கள். உள் வெப்பநிலை ஏழெட்டு டிகிரி இறங்கியது, தக்காளியோ காயத் தொடங்கியது. சூடான காற்று மேலே போகும்போது ஈரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறது. வெப்பநிலை குறைந்தும் வேலை கூடியது. வெப்பநிலையும் வெப்பமும் ஒன்றல்ல என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். துளை போட்ட அந்தப் பெட்டி அதைவிடத் தெளிவாகச் சொன்னது.

பிறகு 'எவ்வளவு' என்ற கேள்வி. தக்காளியில் ஏறத்தாழ 94 விழுக்காடு நீர். பத்துக் கிலோவில் சுமார் 9.3 கிலோ நீரை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோஜூல். மொத்தம் 22,000 கிலோஜூலுக்குச் சற்று மேல், அதாவது 6 யூனிட்டுக்குச் சற்று மேல். "வீட்டுக்கு நூறு யூனிட் ஃப்ரீதானே டீச்சர்" என்றான் ஒருவன். நல்ல கேள்வி. இலவசம் என்றாலும் யாரோ ஒருவர் அந்த மின்சாரத்துக்குப் பணம் கட்டத்தானே செய்கிறார்? அது குடிமையியல் பாடவேளைக்குப் போய்ச் சேர்ந்தது.

வெயில் என்ன தரும்? தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்குச் சுமார் 5 யூனிட் அளவு சூரிய ஆற்றல் விழுகிறது. எங்கள் பெட்டி அதில் மூன்றில் ஒரு பங்கைப் பயன்படுத்துகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டோம். பத்துக் கிலோவுக்கு ஏறக்குறைய நான்கு நாள். அப்படியானால் விலை படுத்த அன்று ஒரு விவசாயியிடம் நூறு பெட்டி, பெட்டிக்கு 14 கிலோ, ஆக 1,400 கிலோ இருந்தால்? நான்கு நாளில் உலர்த்த 140 சதுர மீட்டர் வேண்டும். எங்கள் வகுப்பறையை அளந்தார்கள். கிட்டத்தட்ட நான்கு வகுப்பறை அளவுக்குப் பெட்டி வேண்டும்!

அந்த மாணவி கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கேட்டது எல்லாவற்றையும் காப்பாற்றும் ஒரு பெட்டியை. கணக்கு அது முடியாது என்று சொல்லிவிட்டது. ஒரு ஆசிரியருக்கு இது கடினமான நேரம். 'பரவாயில்லை, நீ முயன்றாயே' என்று முதுகில் தட்டி அனுப்பிவிடலாம். கணக்கை மழுப்பிவிடலாம். நான் ஒன்றும் சொல்லாமல் அவள் பேசட்டும் என்று காத்திருந்தேன். சிறிது நேரம் கழித்து அவள் கேட்டாள். "எல்லாத்தையும் காய வைக்க வேணாம் டீச்சர். தரம் பிரிக்கறப்ப ஒதுக்கிப் போடுறாங்கள்ல, அந்த ஒரு பெட்டிய மட்டும் காய வச்சா?"

அதுதான் தொழில்முனைவு. அதுதான் அறிவியலும்கூட. கேள்வியைத் தன்னால் விடை காணக்கூடிய அளவுக்குச் சுருக்கிக்கொள்வது. ஒரு பெட்டி, 14 கிலோ. ஒன்றரைச் சதுர மீட்டர், நான்கு நாள், ஒரு கிலோ அளவுக்கு வற்றல். அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டினாள். மழைத் தூறல் வந்தால் என்ன செய்வாய் என்று அவர் கேட்டாராம். அதை எங்கள் யாருடைய கணக்கிலும் சேர்த்திருக்கவில்லை. மறுநாள் மேகமூட்டமான நாளுக்கு ஒரு புதிய பத்தி குறிப்பேட்டில் சேர்ந்தது.

பானைக்குள் பானை

எட்டாம் வகுப்புக்கு ஒரு குளிர்ச்சியான வேலை. நைஜீரியாவில் முகமது பா அப்பா என்று ஓர் ஆசிரியர் இருந்தார். குயவர் குடும்பத்தில் பிறந்தவர். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணலை நிரப்பி, மணலை நனைத்து, மேலே ஈரத்துணி போட்டு, காய்கறிகளைப் பாதுகாக்கும் முறையை மக்களிடம் கொண்டுசென்றார். 2000-ஆம் ஆண்டு ரோலெக்ஸ் விருது பெற்றார். குஜராத்தின் வாங்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி இதே தத்துவத்தில் மின்சாரமில்லாத மண் குளிர்பெட்டியைச் செய்து விற்கிறார். தத்துவம் நம் வீட்டு மண்பானைத் தண்ணீருடையதுதான். நீர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

எங்கள் பிள்ளைகள் பங்குனி மாதத்தில் செய்தபோது வெளியே 36 டிகிரி, உள்ளே 27 டிகிரி. கீரைக்கட்டு ஒரு நாள் கூடுதலாகத் தாங்கியது. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்ல வேண்டும். ஆறாம், ஏழாம் வகுப்புகளில் வெப்பப் பாடம் இரண்டாம் பருவத்தில் வருகிறது. அது நமக்கு மழைக்காலம். ஐப்பசியில் பானை வைத்தால் வெப்பநிலை ஓரிரு டிகிரிகூட இறங்காது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது நீர் எப்படி ஆவியாகும்? ஆகவே ஐப்பசியில் ஒரு முறையும் பங்குனியில் ஒரு முறையும் செய்து, இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். எந்த மாதத்தில் விற்கலாம், எந்த மாதத்தில் விற்கக் கூடாது என்று பிள்ளைகளே சொல்வார்கள். தன் பொருள் எப்போது வேலை செய்யாது என்று வாங்குபவரிடம் சொல்லத் தெரிவது நேர்மை. அது எப்போது, ஏன் என்று தெரிந்திருப்பது அறிவியல்.

ஓர் எச்சரிக்கை

இவ்வளவு சொன்ன பிறகு, உங்களில் சிலருக்கு ஒரு நெருடல் இருக்கும். இருக்க வேண்டும். பள்ளியையும் தொழிலையும் சேர்த்துப் பேசினால் தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய வலி நினைவுக்கு வரும்.

1937 அக்டோபரில் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை மையமாகக் கொண்ட கல்வியை முன்வைத்தார். ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்கு வடிவம் கொடுத்தது. நாம் ஆதாரக் கல்வி என்றோம். இங்கிருந்து சற்றுத் தொலைவில், சின்னாளபட்டிக்கு அருகில், 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கையும் மூளையும் சேர்ந்து கற்க வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணில் வேர்விட்ட இடம் அது.

ஆனால் 1953-இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது வந்த தொடக்கக் கல்வித் திட்டம் வேறு மாதிரியானது. கிராமப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. துணி வெளுப்பவர் பிள்ளை வெளுக்கவும், பானை செய்பவர் பிள்ளை வனையவும் மட்டுமே கற்றால் போதும் என்ற இடத்துக்கு அந்தத் திட்டம் போயிருக்கும். நம்மில் பலர் இன்று இந்த அரங்கில் ஆசிரியராக உட்கார்ந்திருக்க முடியாது.

ஆகவே என் வகுப்பில் சில விதிகளை உறுதியாக வைத்திருக்கிறேன். ஒன்று, குழு பிரிப்பது சீட்டுக் குலுக்கித்தான். அப்பா செய்யும் தொழில் பிள்ளைக்கு வேலையாக ஒதுக்கப்படாது. யாருடைய வீட்டுத் தொழில் என்ன என்று வகுப்பில் நான் கேட்பதில்லை. பிள்ளை தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். இரண்டு, ஆணி அடிப்பதும் அளப்பதும் கூட்டுவதும் கணக்கெழுதுவதும் ஆண், பெண் எல்லாருக்கும் முறை வைத்து வரும். மூன்று, பிள்ளைகள் எதையும் விற்பதில்லை. உணவுப் பொருள் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும் என்பது ஒரு காரணம். அவர்கள் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை அறியாத ஆசிரியர் இருக்கக் கூடாது. விலை, செலவு, மிச்சம் எல்லாம் குறிப்பேட்டில்தான். நான்கு, தீயும் கொதிநீரும் உருகிய மெழுகும் இருக்கும் இடத்தில் பிள்ளைகள் தள்ளி நின்று பார்ப்பார்கள், அளவை மட்டும் எழுதுவார்கள்.

துணி தேய்ப்பவர் வீட்டுப் பிள்ளை தேய்ப்புப் பெட்டியைப் பற்றிப் படிப்பது நாளை அந்த வண்டிக்குப் பின்னால் நிற்பதற்காக அன்று. தன் வீட்டில் தினமும் நடக்கும் வேலைக்குள் பெரிய அறிவியல் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கும் அது தெரிய வேண்டும். பா அப்பா குயவர் வீட்டில் பிறந்து ஆசிரியரானவர். பானை மீதிருந்த மதிப்பு அவருக்குப் போகவில்லை. வினிஷாவோ தெருவில் வேறொருவர் படும் பாட்டைப் பார்த்து யோசித்தவர். இரண்டு வழியும் நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

ஆறு வாரம் போதும், வாரத்துக்கு ஒரு பாடவேளை. முதல் வாரம் சிரமங்களின் பட்டியல். இரண்டாம் வாரம் அளவீடு. மூன்றாம் வாரம் கணக்கு. நான்காம் வாரம் மாதிரி செய்தல். ஐந்தாம் வாரம் வரவு செலவு. ஆறாம் வாரம், சிரமப்பட்டவரிடமே போய்ச் சொல்லுதல். ஆறாம் வாரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். தேய்ப்புக்காரரும் தக்காளி விவசாயியும் கேட்கும் கேள்விகளை நம்மால் கேட்க முடியாது. அவர்களை மதிப்பீட்டாளர்களாக அழையுங்கள், நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

செலவுக்கு யோசிக்க வேண்டாம். அட்டைப்பெட்டி, மண்பானை, பழைய செய்தித்தாள், இரண்டு வெப்பநிலைமானி. 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கானது. நம் பள்ளிக்கு வரும் கருத்தாளரிடம் முன்கூட்டியே சொன்னால் அவரும் சேர்ந்துகொள்வார். நல்ல எண்ணம் உருவானால் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு அனுப்பலாம். ஆறாம் வகுப்பிலிருந்தே அனுப்பலாம், தேர்வானால் மாதிரி செய்யப் பத்தாயிரம் ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்தையும் கேட்டு வையுங்கள். ஆனால் விருதை மனத்தில் வைத்துத் தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் மாதிரியைப் பெற்றோர் செய்வார்கள், பிள்ளை படத்துக்கு நிற்கும்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்று கேட்பீர்கள். நான் நான்கு கேள்விகள் வைத்திருக்கிறேன். வெப்பம் எங்கிருந்து எங்கே போகிறது என்று படம் வரையத் தெரிகிறதா? எதை அளந்தாய், எத்தனை முறை அளந்தாய்? உன் பொருள் எப்போது வேலை செய்யாது? சிரமப்பட்டவர் என்ன சொன்னார், அதற்குப் பிறகு எதை மாற்றினாய்? பொருள் வெற்றியா தோல்வியா என்பதற்கு மதிப்பெண் இல்லை. துல்லியமாக அளந்து 'இது முடியாது' என்று எழுதிய குழுவுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.

நண்பர்களே, நாம் நடத்தும் வெப்பப் பாடத்தில் உள்ள ஜூலும் கலோரியும் ஆய்வகத்தில் பிறந்த சொற்கள். ஆனால் அவை அளப்பது நம் ஊர் அடுப்பையும் வெயிலையும்தான். அடுத்த வாரம் பள்ளிக்குப் போனதும் ஒன்று மட்டும் செய்யுங்கள். பாடநூலைத் திறக்கும் முன், வெப்பத்தோடு வேலை செய்யும் ஒருவரைப் பிள்ளைகள் பார்த்துவரட்டும். அவரிடம் மூன்றே கேள்விகள்: எவ்வளவு எரிபொருள் ஆகிறது? எங்கே வீணாகிறது? எது குறைந்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்? அந்த மூன்று பதில்களோடு வரும் வகுப்புக்கு அடுத்து என்ன நடத்த வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உணவு இடைவேளைக்கு நேரமாகிவிட்டது. சாப்பிடும்போது, பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் அதன் அடிப்பக்கத்தை ஒரு நொடி பாருங்கள். சொட்டு இருக்கிறதா, இல்லையா? பிற்பகல் அமர்வை அங்கிருந்து தொடங்கலாம்.